டப்பாவுக்குள் எக்ஸ்

மாட்டுங்கா,
14-1-1987

அக்தர் பானு டீச்சர் அவர்களுக்கு,

வானமாமலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஐந்து மாதமாகப் பேசாத மனுஷன் திடீரென்று கடிதம் போடுகிறானே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மானம் ஒன்றுதான் போயிருக்கிறது. அதுவும் என்னுடையதுதான்.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, செம்பூர் மையத்தில் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் 'பி. நாராயணன், முலுண்ட், விஞ்ஞான ஆசிரியர்' என்று கையெழுத்திட்டார். முலுண்டில் அப்படி ஒரு நாராயணன் கிடையாது. அது நான்தான்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார். புனேயில் உங்களோடு ஆறு வாரம் படித்துவிட்டு வந்ததிலிருந்து, வாத்தியார்களுக்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அப்படிப்பட்டவன் பம்பாய் வெயிலில் குல்லாவுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கிளம்பும்போதே விஜயலக்ஷ்மி கேட்டாள்: "எந்தக் காஷ்மீருக்குப் போறேள்?"

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறாமை. என் மையத்தில் நாலு மெஷின், ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற பயபக்தி எல்லாம் இருக்கிறது. உங்களிடம் ஒன்றரை மெஷின். அந்த அரைக்கும் கீபோர்டில் இரண்டு எழுத்து இல்லை என்று கேள்வி. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வரும் டீச்சர்கள் டீ குடிக்கும்போது பேசுவது உங்களைப் பற்றி. "செம்பூர்ல பானு டீச்சர் சாப்பாட்டு டப்பாவ வெச்சே கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறாங்களாமே?" பயிற்சி முடிவில் படிவம் கொடுத்து, இந்தப் பயிற்சியை மேம்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாள்: 'எங்களைச் செம்பூருக்கு அனுப்பலாம்.'

அதனால்தான் வந்தேன். பன்னிரண்டு டீச்சர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் டப்பா மேலும் சாக்பீஸால் ஏ, பி, எக்ஸ் என்று எழுதி, அதுதான் மெஷினின் ஞாபகம் என்று சொன்னீர்கள். குல்லாவுக்குள்ளே எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் ஒரு கணக்கு டீச்சர் எழுந்து, எல்லாக் கணக்கு டீச்சர்களும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று எழுதுகிறீர்களே, அது எப்படி முடியும்? நீங்கள் சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி. நாராயணன் சார், நீங்க இங்க வாங்க" என்றீர்கள். நான் பாத்ரூம் போகிறவனைப்போல எழுந்து, நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

அதனால் பதில் தெரியாமல் போயிற்று. ஒன்றரை வருஷமாக நானும் அதைப் போர்டில் எழுதிவிட்டு, "கம்ப்யூட்டரில் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். நிஜத்தைச் சொன்னால், அந்த வரியை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

பிப்ரவரி பத்தாம் தேதி டெல்லிக் கமிட்டி வருவது உங்களுக்கும் தெரியும். நம் இருவர் வகுப்பையும் பார்ப்பார்கள். ஜூனிலிருந்து இரண்டு மையமும் ஒன்று, பயிற்றுநரும் ஒருவர். மற்றவர் பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். என் பள்ளிக்கூடத்தில் இப்போது உதவித் தலைமையாசிரியர் கணேசபாண்டியன். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்குத் தெரியாமல் நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய அதே கணேசபாண்டியன். இனி எனக்கு லீவு வேண்டுமானால் அவனிடம் மனு போட வேண்டும்.

அன்று என்ன பதில் சொன்னீர்கள்? இரண்டு வரி எழுதினால் போதும்.

வானமாமலை


தாராவி,
18-1-1987

வானமாமலை சார் அவர்களுக்கு,

நீங்கள் உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றி விட்டவர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் மையத்தில் ஏசி இல்லை, யாரும் கழற்றுவதில்லை. நாராயணன் சார் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். அந்த நாராயணன் யாரென்று நீங்களும் திரும்பித் திரும்பித் தேடினீர்கள். வகுப்பே உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தது.

வீட்டில் சொன்னேன். தோல்பைப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஹமீது மச்சான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏம்ளா, இன்னிக்கி குல்லா போட்டு வந்தாரு. அடுத்த வாரம் புர்கா போட்டுக்கிட்டு வந்துருவாரு போலயே."

சிரித்து முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் பேசாத ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் இருந்தது நான், சார். நீங்கள் இல்லை. ஆகஸ்டில் மெயின் ஆபீசுக்குப் போய், "பானு டீச்சருக்கு இங்கிலீஷ் போதாது, அவங்களுக்குச் செம்பூர் சரியா இருக்கும்" என்று சொன்னது யார்? ஆபீஸ் பியூன் பிச்சையா எங்கள் தெருவில்தான் இருக்கிறார். நீங்கள் அங்கே தும்மினால் இங்கே எனக்குக் கேட்கும். நான் உங்களோடு மாட்டுங்கா மையத்திலேயே இருந்திருந்தால் ஒன்றரை மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கரண்ட் போனால் முப்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுமில்லை.

பொறாமை உங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. ஒவ்வொரு தடவையும் செம்பூருக்கு பஸ் ஏறும்போது உங்கள் நாலு மெஷினை நினைத்துக்கொள்வேன். நீங்கள் பேச ஆரம்பித்தால் டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த மாதிரிச் சிரிக்க வைக்க வராது. ஜூனில் நான் திரும்பிப் போனால், எழுபது பிள்ளைகள் இருக்கிற மதிய ஷிப்டில் விஞ்ஞானம். கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டியதுதான்.

பதில் வேண்டுமானால் வாங்க. சொந்தப் பெயரில், குல்லா இல்லாமல் வந்து உட்காருங்க.

அக்தர் பானு


மாட்டுங்கா,
22-1-1987

பானு டீச்சருக்கு,

முதலில் ஆகஸ்ட் விஷயம். 'போதாது' என்று நான் சொல்லவில்லை. 'போதுமா?' என்றுதான் கேட்டேன். பிச்சையா டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டதால் கடைசி எழுத்து அவன் காதில் விழவில்லை.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதை விடுங்கள்.

சொந்தப் பெயரில் நான் வர முடியாது. பிச்சையா அதற்கு ஊர்வலமே எடுத்துவிடுவான். அதனால் நானே டப்பா வைத்துப் பாடம் நடத்தினேன். நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் மனம் குளிரட்டும்.

டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலை பதினொரு மணிக்கு யார் டப்பாவைக் காலி செய்திருப்பார்கள்? '7' என்று எழுதிய சீட்டை வகோலாவிலிருந்து வருகிற வாத்தியாரின் டப்பாவில் போட்டேன். அது மோர்க்குழம்பில் மூழ்கிவிட்டது. வெளியே எடுத்தபோது மேல்கோடு கரைந்து அது ஒன்றாகிவிட்டது. "ஆகா, மெஷின் ஞாபக மறதிக்காரனா?" என்று அவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. என் நகைச்சுவைக்கு இவ்வளவு சிரிப்பு ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு போர்டில் எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று எழுதினேன். குல்கர்ணி பாய் எழுந்தார். தாதரில் முப்பது வருஷமாக அல்ஜீப்ரா எடுக்கிற மராத்திக்காரர். நேராகப் போர்டுக்கு வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, இரண்டு பக்கமும் எக்ஸைக் கழித்தார். பூஜ்யம் சமம் ஒன்று. "சார், யே கைசே சலேகா?" என்றார், இது எப்படிச் சரியாகும் என்று. நான் கணக்கு வாத்தியார். அவர் கழித்தது சரி. என் வாய் தானாகவே, "நீங்க சொல்றது கரெக்ட் பாய்" என்றது. வகுப்பு முழுவதும் எழுந்து அவருக்குக் கை தட்டியது. என் வகுப்பில், என் மெஷின்களுக்கு முன்னால்.

பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. கணேசபாண்டியன் நேற்று கிங்ஸ் சர்க்கிளில் என்னைப் பார்த்து, "ஸார், உங்க பழைய டைம்டேபிளை எடுத்து வெச்சிருக்கேன்" என்றான். அன்போடுதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

என்ன கேட்டாலும் தருகிறேன். பதிலை எழுதுங்கள்.

வானமாமலை


தாராவி,
27-1-1987

சார்,

குல்கர்ணி பாய் இடத்தில் நானாக இருந்தாலும் கழித்திருப்பேன். தப்பு அவர்மேல் இல்லை. நீங்கள் போர்டில் முதலில் எழுதிவிட்டு, பிறகு டப்பாவை எடுத்தீர்கள். போர்டில் எக்ஸைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்குக் கை துறுதுறுக்கும். கழிக்காமல் விட மாட்டார். அதனால் போர்டைத் தொடவே கூடாது.

அவரையே கூப்பிடுங்க. அவர் டப்பாவில் எத்தனை சப்பாத்தி என்று கேளுங்க. நாலு என்பார். இன்னொரு சப்பாத்தியை அவர் கையாலேயே உள்ளே வைத்து மூடச் சொல்லுங்க. இப்போது எத்தனை? அஞ்சு. டப்பா மாறிச்சா? இல்லை. டப்பா பேர் மாறிச்சா? இல்லை. அவ்வளவுதான் நடந்தது. இதைத்தான் நாம் எழுதப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, அப்போது போர்டில் எழுதுங்க. எக்ஸ் என்பது எண் இல்லை, எண் இருக்கிற இடம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. அவரே சொல்லுவார். என் வகுப்பில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம். மூடியை மூடச் சொல்லுங்க. திறந்து வைத்தால் எல்லோரும் சாப்பாட்டைத்தான் பார்ப்பார்கள்.

என்ன கேட்டாலும் தருகிறேன் என்றீர்கள். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் ஆபீசில் சொன்னது தவறு என்று நீங்களே ஆபீசுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க. கமிட்டி வருவதற்கு முன்னால்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மச்சானும் அதையேதான் கேட்டார்கள். "போட்டிக்கு நிக்கிற ஆளுக்கே கத்தியத் தீட்டிக் குடுக்கியே, ஒனக்குக் கிறுக்கா?" என்றார்கள்.

அக்தர் பானு


மாட்டுங்கா,
11-2-1987

பானு டீச்சருக்கு,

இது இன்று எட்டு மணிக்கு முன்னால் தபாலில் சேர வேண்டும். பிச்சையாவுக்கு முன்னால் நான் உங்களிடம் வந்தாக வேண்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் அரைமணி நடை. ஆனால் கால் வரவில்லை.

நேற்று கமிட்டி முதலில் இங்கே வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள். அந்த அம்மாள்தான் தலைவர். நான் மெஷின்கள் பக்கமே போகவில்லை. குல்கர்ணி பாயைக் கூப்பிட்டேன். அவர் அன்றைக்குச் சப்பாத்தி கொண்டுவரவில்லை, தாலிபீட் என்கிற மராத்தி அடை கொண்டுவந்திருந்தார். மூன்று. இன்னொன்றை வைத்து மூடினார். நாலு. டப்பா மாறிச்சா? இல்லை. பேர் மாறிச்சா? இல்லை. பாய் மூடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "அரே, எக்ஸ் நம்பரே இல்ல, டப்பா" என்றார். நான் போர்டில் எழுதினேன். முதல் தடவையாக என் கை கூசவில்லை.

அந்த அம்மாள் எழுந்து நின்றே விட்டார். ஒன்றரை வருஷமாக ஊர் ஊராகப் பார்க்கிறேன், இதை இப்படிச் சொல்லிக்கொடுத்து யாரையும் பார்க்கவில்லை என்றார். பிறகு கேட்டார்: இந்த முறை யாருடையது?

டீச்சர், என்னுடையது என்று சொன்னேன்.

முன்கூட்டி நினைத்து வைத்தது இல்லை. வாய் திறந்தது, அது வந்தது. உடனே திருத்தியிருக்கலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் கணேசபாண்டியன் கையில் என் பழைய டைம்டேபிள் தெரிந்தது. மூச்சை விட்டுவிட்டேன். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். திரும்பினால், கமிட்டியோடு ஆபீசிலிருந்து வந்த பிச்சையா டீத் தட்டோடு நிற்கிறான்.

பிற்பகல் உங்களிடம் வந்து, நீங்களும் டப்பாவை எடுத்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? என்னைப் பார்த்து நீங்கள் காப்பியடித்ததாக. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் விஷயமாக ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. எழுதி, மடித்து, சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். விஜயலக்ஷ்மி அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். இது சத்தியம். ஆனால் நான் சொன்னால் எது சத்தியம் போலத் தோன்றுகிறது?

திட்டி எழுதுங்கள்.

வானமாமலை


தாராவி,
16-2-1987

வானமாமலை சார்,

கடிதம் வந்தது. பிச்சையா அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

நான் அன்று பிற்பகல் டப்பாவை எடுத்ததும், கமிட்டியில் ஒருவர் மற்றவர் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். அப்போது எனக்குப் புரியவில்லை.

கமிட்டியிடம் நீங்கள் சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

அக்தர் பானு


மாட்டுங்கா,
24-2-1987

பானு டீச்சருக்கு,

எனக்கு வந்த கடிதங்களிலேயே மிகச் சின்னது அதுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வரி நகைச்சுவையாக எழுதி, என்னை நானே மன்னித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் அதற்கு இடம் வைக்கவில்லை.

எட்டு நாள் கஷ்டப்பட்டேன். குல்கர்ணி பாய் தன் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் 'வானமாமலை சார் மெதட்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாஹிம், கோரேகாம் வாத்தியார்களெல்லாம் அதைக் கேட்டு என்னிடம் வருகிறார்கள். இந்தப் பேச்சுக்குத்தான் ஒன்றரை வருஷமாக ஏங்கினேன். இப்போது காதில் விழுந்தாலே பாத்ரூமுக்குப் போகிறேன். விஜயலக்ஷ்மியிடம் விஷயத்தைச் சொன்னேன். சாதம் போடும்போது, "ரசம் என்னோடதுதான், தைரியமா ஊத்திக்கோங்கோ" என்றாள்.

இன்று காலை கமிட்டித் தலைவி அம்மாளுக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். டப்பா முறை முழுவதும் செம்பூர் மையத்து அக்தர் பானு அவர்களுடையது, நான் அவரிடமிருந்து கடிதம் மூலம் கற்றுக்கொண்டு என்னுடையதென்று சொன்னேன், ஆகஸ்டில் அவருடைய ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னதும் பொறாமையால் சொன்னது, ஆக நான் இரண்டு தடவை பொய் சொன்னவன் என்று எழுதினேன். மனம் மாறிவிடுமோ என்று பயந்து, ரசீதை வாங்கிய பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணேசபாண்டியனுக்கும் சொல்லிவிட்டேன். ஜூனில் எட்டாம் வகுப்பு பி பிரிவு. பின்னக் கணக்கில் ஆரம்பிக்கச் சொல்கிறான். அவன் வேண்டுமென்றே சொன்னானா, இயல்பாகச் சொன்னானா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இப்போது அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு திருப்தி.

வானமாமலை


தாராவி,
7-4-1987

வானமாமலை சார் அவர்களுக்கு,

உத்தரவு நேற்று வந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து இரண்டு மையத்துக்கும் நான்தான். உங்கள் மெஷின் நாலும் எனக்குத்தான். உத்தரவோடு அந்த அம்மாள் தனியாக ஒரு குறிப்பும் அனுப்பியிருக்கிறார். முடிவு கிட்டத்தட்ட உங்கள் பக்கம் போயிருந்ததாகவும், சக ஆசிரியர் ஒருவர் தானாகவே முன்வந்து எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் மாறியது என்றும் அதில் இருக்கிறது.

மச்சான் பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். உங்களுக்கும் ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டுவரத்தான் இரண்டு தடவை மாட்டுங்கா வரை வந்தேன். ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

என் கடிதங்களை எடுத்துப் பாருங்க. டப்பா முறை என்னுடையது என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்க மாட்டேன். வேறு யாருடையது என்றும் எழுதவில்லை. அந்தப் பதினாறாம் தேதிக் கடிதம் ஏன் அவ்வளவு சின்னது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

புனேயில் நம் எல்லோரையும் ஆளுக்கு ஒரு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் முறை வந்த அன்றைக்கு மழை, கரண்ட் இல்லை. நீங்கள் நடத்தியதைப் பார்த்துவிட்டு அந்தப் புரொபசர், இது சமையல் வகுப்பு இல்லை மிஸ்டர் வானமாமலை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் முதல் நீங்கள் மெஷினையும் போர்டையும் தவிர வேறு எதையும் தொடவில்லை. அன்று நடத்திய பாடத்தைப் பற்றி ஒருநாளும் பேசவுமில்லை. கூச்சத்தில் அடியோடு மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். செம்பூரில் முதல் தடவை கரண்ட் போனபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். யாருடையது என்று சொல்ல ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. நானும் விட்டுவிட்டேன், சார்.

கமிட்டிக்கு எழுத இன்லாண்டு லெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். விலாசம் மட்டும் எழுதியாகிவிட்டது.

புனே நோட்டில் என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

18-7-85, வியாழன், மூன்றாவது பீரியட். கரண்ட் இல்லை. பாடம்: எக்ஸ் = எக்ஸ் + 1. எடுத்தவர்: வானமாமலை. தன் டிபன் டப்பாவில் நாலு இட்லி, கூட ஒன்று வைத்து மூடினார்.

அக்தர் பானு